பக்கத்து நாற்காலி

கதவைச் சாத்தியது அவள்தான். டவாலி இல்லை, போலீஸ்காரம்மா இல்லை, பெனிட்டா டீச்சர்தான் எழுந்து வந்து சாத்தினாள். சாத்துவதற்கு முன்னால் என்னைப் பார்த்து லேசாக ஒரு சிரிப்பு வேறு, ஒன்றும் கவலைப்படாதீங்க அக்கா என்கிற மாதிரி. என் புருஷனை உள்ளே உட்கார வைத்துக்கொண்டு எனக்கே ஆறுதல் சொல்கிறாள். தாலி கட்டிக்கொண்டு வந்தவள் வெளியே பெஞ்சில். போன தை மாசத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவள் உள்ளே, அவருக்குப் பக்கத்து நாற்காலியில். கோர்ட்டு உத்தரவு என்கிறார்கள். உத்தரவு என்றால் வயிறு எரியாமல் இருக்குமா? கதவில் கைக்கண்ணாடி அகலத்துக்கு ஒரு சில்லு பதித்திருக்கிறார்கள். அதன் வழியாக அவருடைய பின்மண்டை தெரிகிறது, இடப்பக்கம் முடி முளைக்காத அந்தப் பள்ளம். காலையில் நான்தான் எண்ணெய் தடவி, பக்கத்து முடியை இழுத்துச் சீவி அதை மூடிவிட்டேன். பஸ் காற்றில் கலைந்துபோய்விட்டது. உள்ளே போய் ஒரு தடவை சீவிவிட்டு வந்துவிடலாம், விடமாட்டார்கள். ஜட்ஜம்மாவும் வக்கீல்களும் பக்கத்து ஹாலில் இருக்கிறார்கள், இவருக்கு அவர்கள் டிவியில் தெரிவார்கள். இவரை அடித்த அந்தக் குழந்தைவேலுவும் ஹாலில்தான் நிற்கிறான், ஆனால் அவன் மூஞ்சி இவர் கண்ணில் படாதபடி கேமராவைத் திருப்பி வைத்திருக்கிறார்களாம். பயந்துபோன பிள்ளைகளுக்கும் வாய் வராதவர்களுக்கும் என்று புதிதாகப் போட்ட அறை, சுவரில் கிளியும் முயலும் வரைந்திருக்கிறார்கள். போர்வெல் வண்டியில் மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய்ப் பாறையைத் துளைத்த மனுஷன் கிளிப் படத்துக்குக் கீழே கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

போலீஸ்காரம்மா என்னைத் தள்ளிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். நானும் இந்தக் கேஸில் ஒரு சாட்சி, அவருக்கு அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள், அதனால் அவர் சொல்வது என் காதில் விழக் கூடாதாம். அவர் வாயிலிருந்து என் காதில் விழக் கூடாதது என்ன வந்துவிடப் போகிறது? அந்த வாயே நான்தானே. திருச்செங்கோட்டில் வண்டி நிறுத்துகிற ஷெட்டில் மண்டை உடைந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்து அவருக்குச் சொல் வரவில்லை, வலது கை வரவில்லை. புத்தி முழுசாக இருக்கிறது, நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, வார்த்தை மட்டும் வெளியே வராது என்று டாக்டர் சொன்னபோது, அதுக்கென்னங்க நான் இருக்கறேன் என்றேன். அவர் த என்று தடுமாறினால் தண்ணீர். கண்ணைச் சுருக்கினால் தலைவலி. வாசலைப் பார்த்தால் வெளியே நாற்காலி போட வேண்டும். பாதியில் நிற்கிற எதையும் நான் நிற்க விட்டதில்லை. போலீஸ் வந்து எழுதியபோதும் அப்படித்தான், மேனேஜர் குழந்தைவேலு ஸ்பேனரால் அடித்தான், வண்டிக்கு வரமாட்டேன் என்று இவர் சொன்னதற்காக அடித்தான் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் தலையை ஆட்ட ஆட்ட, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மார்கழி வாய்தா வரைக்கும்.

அன்றைக்கு அந்த எதிர்த்தரப்பு வக்கீல், வழுக்கைத் தலையும் வாசனைப் பாக்குமாக, எழுந்து நின்று குழந்தைவேலு உங்களை அடித்தாரா என்று கேட்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அடுத்து, நீங்களாகத்தான் வண்டி ஏணியிலிருந்து தவறி விழுந்தீர்களா என்றார். அதற்கும் என்னைப் பார்த்து ஆட்டினார். நான் உங்களுக்கு மச்சான் முறையா என்றார், அதற்கும் ஆட்டினார். ஹாலே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் கண்ணைக் காட்டினேன், இல்லை என்று தலையை அசைத்தேன், காட்டாமல் என்ன செய்வது, கட்டின புருஷனை ஊர் சிரிக்கும்போது சும்மா நிற்கச் சொல்கிறார்களா? ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது இவருடைய சாட்சியா இல்லை அந்தம்மாவுடைய சாட்சியா என்று கேட்டார். அதோடு விட்டாரா அந்த வக்கீல்? வண்டிக்கு வரமாட்டேன் என்று சொல்லப் போன ஆள் எதற்காக வண்டிமேல் ஏறினார் என்று ஒரு போடு போட்டார். ஏணிக்கு மேலேதான் ரத்தம் இருந்தது, அது போலீஸ் எழுதியதிலேயே இருக்கிறது. பேச்சுப் பயிற்சி தெரிந்த ஒருவர் துணையோடு இவரை மறுபடி விசாரிக்கலாம், மனைவி வெளியில் இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. படியிறங்கும்போது அரசு வக்கீல் என்னிடம், அந்த ஏணி விஷயத்துக்குப் பதில் வராவிட்டால் குழந்தைவேலு சட்டை கசங்காமல் வீட்டுக்குப் போய்விடுவான் அம்மா என்றார். அப்படித்தான் தை மாசம் இந்த ஸ்கூட்டி எங்கள் வாசலுக்கு வந்தது.

வந்தவள் என்ன பெரிய வித்தை காட்டினாள்? ஒரு டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது தட்டா என்று கேட்டாள். இவர் ஆட்டினார். அவள் சிரிக்கவில்லை, திருத்தவில்லை, மறுபடி கேட்டாள். மறுபடி ஆட்டினார். எனக்கு அடுப்படியில் இருப்புக் கொள்ளவில்லை, அட அது டம்ளருங்க மாமா என்று எட்டிப் பார்த்துச் சொன்னேன். "அக்கா, கொஞ்சம் பொறுங்க. அவரே சொல்லட்டும்" என்றாள், என் வீட்டில், என் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தால் அவள் வேலையே அதுதான். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். அவர் உதடு துடிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறப்பேன், அவள் மட்டும் பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் வருகிற நாள் என்றால் அவருக்குத் தெரிந்துவிடும். ஸ்கூட்டிச் சத்தம் முக்குத் திரும்பும்போதே இடது கையால் தலையைத் தடவிக்கொள்வார். கட்டம் போட்ட சட்டையைக் கண்ணால் காட்டுவார். அதற்கு இஸ்திரி போடுகிறவள் யார்? இந்தப் பாவாயிதான். இன்னொருத்தி வந்து பார்ப்பதற்காகப் புருஷன் சட்டைக்கு இஸ்திரி போட்ட பொம்பளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் டீயில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன், குறைத்தது போதாது என்று அடுத்த தடவை போடவே இல்லை, நல்லா இருக்குது அக்கா என்று குடித்துவிட்டுப் போனாள். அவளுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். அதனால் என்ன? நான் நினைக்கிறது அதை இல்லை. அதுவாக இருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பேன், விஷயம் முடிந்திருக்கும்.

எனக்குத் தாங்காமல் போனது அந்தப் பங்குனி நாள். சோற்றுக்கு இரண்டாவது கரண்டி ரசம் ஊற்றப் போனேன், அவர் தட்டின்மேல் கையை வைத்து மறைத்தார். வே என்றார். வேண்டுமா என்று ஊற்றினேன். கைமேலேயே ஊற்றிவிட்டேன், சூடு. அவர் கையை எடுக்காமல், "வேணா" என்றார். அடிபட்ட பிறகு அவர் முழுசாகச் சொன்ன முதல் சொல். அது என்னை வேண்டாம் என்ற சொல். அடுத்த தடவை அவள் வந்தபோது இதைக் கேட்டுக் கையைத் தட்டிக்கொண்டு குதிக்காத குறைதான். இதுதான் அக்கா வேணும், இல்லைன்னு சொல்லத் தெரிஞ்சவர் ஆமான்னு சொன்னாத்தான் அந்த ஆமாவுக்கு மதிப்பு என்றாள். நன்றாக இருக்கிறது கதை. கோர்ட்டில் இல்லை என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறாள், பழகிப் பார்க்க என் தலைதான் கிடைத்தது. அதற்கப்புறம் போர்வை வேணா, டிவி வேணா, முதுகு தேய்க்க வேணா. அவளிடம் மட்டும் எதற்கும் வேணா இல்லை. நீங்க ரெண்டு பேரும் கேஸைப் பத்தி என்ன பேசறீங்க என்று ஒரு நாள் வாசலில் மறித்துக் கேட்டே விட்டேன். "அதை நான் கேட்கவே கூடாது அக்கா. நான் கேட்டு, அவர் சொல்லி, நான் திருத்திக் கொடுத்தா, அப்புறம் அது என் வார்த்தை ஆயிடும்" என்றாள். குத்திக்காட்டினாளா, இயல்பாகச் சொன்னாளா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், சொல்லவும் முடியாது. எனக்கு அவர் கிடைத்ததே அடிபட்ட பிறகுதான். கல்யாணமான மூன்றாம் மாசம் போர்வெல் ரிக் வண்டியில் ஏறியவர். ஜபல்பூர், ராய்ப்பூர், இன்னும் வாயில் நுழையாத ஊரெல்லாம். மழைக்காலத்தில் வருவார், மண் வாசனையும் டீசல் வாசனையுமாக, பத்து நாள் தூங்குவார், எங்கேயோ இந்தியில் போன் வரும், சிரித்துப் பேசுவார், எனக்கு ஒரு எழுத்துப் புரியாது. மகள் பிறந்தபோது வண்டியில், அவள் சடங்கின்போது வண்டியில், அவளைப் பவானியில் கட்டிக்கொடுத்தபோதுதான் முழுசாக ஒரு வாரம் இருந்தார். அங்கே யாராவது இருக்கிறாளோ என்று நான் கேட்காத கோயில் இல்லை. அடிபட்ட வருஷம் வைகாசித் தேருக்கு வந்தவரிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன், போதுங்க மாமா, இனிமேலாவது என்னோட இருங்க என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஷெட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தர்றேன்" என்றார். இனி வரமாட்டேன் என்று சொல்லத்தான் போகிறார் என்று நான் பருப்புப் போளி சுட்டு வைத்தேன். அதற்காகத்தான் அடி வாங்கினார். எனக்காக. என்னோடு இருக்கிறேன் என்று சொன்னதற்காக. அந்த ஒரு நினைப்பில்தான் மலமும் மூத்திரமும் அள்ளினேன், மருந்து வாசனையிலேயே படுத்தேன், அவர் கை என் தோளில் கிடக்க நடை பழக்கினேன். கஷ்டமா என்று கேட்டார்கள், கஷ்டமாகவே இல்லை. சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற புருஷன் எனக்கும் இருந்தார். இப்போது பேச வைக்கிறேன் என்று ஒருத்தி வந்திருக்கிறாள். பேசினால் என்ன பேசுவார்? பேசத் தெரிந்த மனுஷன் எங்கே இருந்தார், வீட்டிலா?

போலீஸ்காரம்மாவை யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனார். நான் கதவுப் பக்கத்துப் பெஞ்சுக்கு வந்துவிட்டேன். தப்புதான், போகட்டும். உள்ளே டிவியில் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள், ஜட்ஜம்மா குரல் நன்றாகக் கேட்கிறது. அவர் குரல் கேட்கவில்லை. அவர் சொல்வதை அவள் திருப்பிச் சொல்கிறாள், கூட்டாமல் குறைக்காமல், ஹாலில் எழுதிக்கொள்வதற்காக. பாருங்கள் கொடுமையை, என் புருஷன் பேச்சு இன்னொருத்தி குரலில் வருகிறது. பேர் என்ன என்று கேட்டார்கள். செங்கோடன் என்றது அவள் குரல். இன்றைக்கு வெளியில் மழை பெய்கிறதா என்று கேட்டார் ஜட்ஜம்மா, சோதித்துப் பார்க்கிறார். ஆடி வெயில் கொளுத்துகிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், ஆட்டிவிடாதீங்க மாமா. இல்லை என்றது அவள் குரல். பக்கத்தில் இருப்பவர் உங்கள் தங்கையா? இல்லை, டீச்சர். சில்லு வழியாகப் பார்த்தேன், அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்து ஆட்டின தலை அவளைப் பார்க்காமல் நிற்கிறது. அவளும் மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைத்தான் பார்க்கிறாள், அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அதுகூட எனக்குப் பொறாமையாக இருந்தது. பார்க்காமலே ஒருத்தரோடு இருக்க முடிகிறதே.

அரசு வக்கீல் கேட்டார், அன்றைக்கு எதற்காக வண்டிமேல் ஏறினீர்கள் என்று. இதுதான். இதில்தான் குழந்தைவேலு தப்பிப்பதும் மாட்டுவதும். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும். எனக்கு நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, என்ன வந்து நிற்கிறது என்றுதான் தெரியவில்லை, ஏதாவது ஒன்று, துணியை எடுக்க ஏறினார், கூட்டாளியிடம் சொல்லிக்கொள்ள ஏறினார், எதையாவது சொல்லி அந்த ஓட்டையை அடைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. அவர் தோள் குலுங்குவது தெரிகிறது. அவள் அசையவில்லை. அடிப்பாவி, கொஞ்சம் எடுத்துக் கொடுடி, மனுஷன் திணறுகிறான். எடுத்துக் கொடுக்கவில்லை. அப்புறம் அந்தக் குரல், ஒவ்வொரு சொல்லாக, நடுவில் அவர் மூச்சு வாங்கும் நேரத்தையும் விட்டுவிட்டு வந்தது. போகோணும். போகோணும்னு சொன்னேன். மேனேஜர் வேணான்னான். வயசாயிருச்சு. ஊட்ல இருன்னான். வேற ஆள் போட்டுட்டான். நான் ஏறினேன். இறங்குன்னான். இறங்கலை. கால இழுத்தான். இறங்கலை. ஏறி வந்தான். ஸ்பேனர்.

நான் என்ன கேட்டேன்? சரியாகத்தான் கேட்டேனா? போகவேண்டும் என்றா? வரமாட்டேன் என்று சொல்லப் போனவர் இல்லையா? வீட்டில் இரு என்று அந்தக் குழந்தைவேலு சொன்னானா, நான் சொன்ன அதே வார்த்தையையா? இரண்டு பேரும் ஒரே பேச்சைப் பேசியிருக்கிறோம், அவனுக்கும் எனக்கும் வித்தியாசம் ஸ்பேனர் மட்டும்தான். போளி சுட்டுக்கொண்டிருந்தேனே, நெய் கூட வாங்கி வந்து. அவள் பொய் சொல்கிறாள், அவள் குரல்தானே அது, அவர் குரல் இல்லையே என்று ஒரு நொடி தோன்றியது, ஒரு நொடிதான். அவள் கூட்டிச் சொல்கிறவளாக இருந்தால் இதையா கூட்டுவாள்? கூட்டுகிறவள் நான். சரி, யாராக இருக்கும், ஜபல்பூரிலா, யார் அவள், சொல்லிவிடுங்க மாமா, அதையும் அவள் வாயாலேயே கேட்டுவிடுகிறேன். அரசு வக்கீலும் அதைத்தான் கேட்டார், அப்படி என்னத்துக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தீர்கள் என்று. இந்தத் தடவை அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணி வர்றப்போ பாக்கோணும், என்றது பெனிட்டா குரல். பாறை உடைஞ்சு தண்ணி மேல வர்றப்போ. அவ்வளவுதான். இத்தனை வருஷம் நான் மனசுக்குள் சேலை கட்டி, பூ வைத்து, ஆயிரம் திட்டு திட்டிவைத்திருந்த பொம்பளை யாரும் அங்கே இல்லை. தண்ணீர்தான் இருந்தது. ஒரு பொம்பளையாக இருந்திருந்தால் சண்டைக்காவது போகலாம்.

வழுக்கை வக்கீல் எழுந்தது குரலில் தெரிந்தது. இதெல்லாம் உங்கள் வீட்டம்மா சொல்லிக் கொடுத்ததுதானே என்றார். வீட்டில் உட்கார வைத்து இப்படிச் சொல்லு என்று பழக்கியது அவர்தானே என்றார். நான் கதவுச் சில்லில் முகத்தை ஒட்டிவிட்டேன். அவர் தலை ஆடவில்லை. ஆடும் என்று நினைத்தேன், எத்தனை வருஷத்துப் பழக்கம், நான் என்று வந்தால் அந்தத் தலை ஆடிவிடும். ஆடவில்லை. முதல் தடவையாக அவர் குரலே வெளியில் கேட்டது, கரகரவென்று, அவளுக்கு முன்னால், டிவிக்கு முன்னால். "இல்லை. அவகிட்ட... சொல்லவே... இல்லை." பெனிட்டா அதைத் திருப்பிச் சொன்னாள். திருப்பிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, எனக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டது.

கதவு திறக்கவில்லை, அதற்குள் டவாலி ஹால் வாசலில் நின்று என் பெயரைக் கூவிவிட்டார். போலீஸ்காரம்மா ஓடிவந்து, ஏம்மா இங்க வந்து உக்காந்தீங்க என்று முறைத்துக்கொண்டே கூட்டிப்போனார். கூண்டில் ஏறினேன். குழந்தைவேலு வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருநீறோடு, என்னைப் பார்க்காமல் நிற்கிறான். ஜட்ஜம்மாவுக்குப் பக்கத்தில் டிவியை இன்னும் அணைக்கவில்லை. கிளிப் படத்துக்குக் கீழே அவர், பக்கத்து நாற்காலியில் அவள். கலைந்த முடியோடு அவர் என்னையே பார்க்கிறார். உண்மையைச் சொல்வேன் என்று சொன்னேன். அரசு வக்கீல் கையில் நான் போலீஸில் சொன்னது இருக்கிறது, என்னோடு இருக்கிறேன் என்று சொல்லப்போய் அடிவாங்கினார் என்று நான் சொல்லி, ஊரெல்லாம் சொல்லி, எனக்கு நானே படுக்கையில் சொல்லிச் சொல்லி மனப்பாடமானது. அதை இப்போதும் சொல்லலாம். சொன்னால் அந்த நினைப்பு எனக்கு மிஞ்சும், அவர் பேச்சு பொய்யாகிவிடும், அந்த ஏணிக் கேள்வி மறுபடி சந்தியில் நிற்கும். "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் எதுக்காக ஷெட்டுக்குப் போனாரும்மா?" என்று கேட்டார். சொல் முழுசாக வாய்க்கு வந்துவிட்டது. டிவியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "அத அவிய சொன்னாத்தானுங்க."

ஜட்ஜம்மா எழுதிக்கொண்டார்.